மலை ஏறுவோரும் மலையில் வாழ்வோரும்

சனி, ஞாயிறு தினங்களில் அதிகாலையில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை பஸ் நிலையங்களுக்குச் செல்வோர் ஒரு புதிய கூட்டத்தைக் காணலாம். முதுகில் பையும் காலில் தடித்த சப்பாத்துமாய் வந்திறங்கும் இளைஞர், யுவதிகள் அவர்கள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் இரவு பஸ் ஏறி வருகிறவர்கள். வெளிநாட்டவரும் அவர்களிடையே உண்டு. விடிந்ததும் ஏதாவதொரு மலையுச்சிக்கு ஏறி, இருட்டுவதற்கு முன் இறங்கி, அன்றிரவே ஊர் திரும்புவது அவர்களின் திட்டம்.

இதனை வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் எம்மிடையே உள்ளனர். நாம் அக்கட்சியைச் சேர்ந்தவர்களல்லர். வாகனத்தின் கண்ணாடி வழியே மலையைப் பார்த்துவிட்டுப் போவதிலும், தன் காலால் நடந்து வியர்வை சிந்தி அதனை அறிந்துகொள்வது மேலானது. ஆயினும் இந்த ஏற்றம் எவருடைய குடியிருப்புக்களினூடாக, எவர் வெட்டிய பாதையில், எவர் குடிக்கும் தண்ணீருக்கு மேலாக நடைபெறுகின்றது என்ற கேள்வியை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. அக்கேள்வியை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எமது நிலைப்பாட்டை முதலிலேயே கூறிவிடுகிறோம். மலையடிவாரத்தில் வாழும் மக்களின் வழியறிவு ஒரு தொழில் திறன். அதற்கு மதிப்பும் கூலியும் உண்டு. பாதையில்லாத மலைகளில் அத்திறனின் துணையின்றி எவரும் ஏறலாகாது.

எல்லா மலையும் ஒன்றல்ல

மலையேற்றம் என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், எமது நாட்டில் ஏறுகின்ற வழிகள் பலவகைப்பட்டன.

முதலாவது வகைக்குச் சிவனொளிபாதமலையை எடுத்துக்கொள்ளலாம். 2,243 மீற்றர் உயரமான இம்மலைக்கு நல்லதண்ணி வழியாக ஏறுவோருக்கு ஏறத்தாழ 5,500 படிகள் உள்ளன. 1344ஆம் ஆண்டிலேயே இபுன் பதூதா என்னும் மொரோக்கோ யாத்திரிகர் ஏறிய மலை இது. பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர் ஆகிய நான்கு சமயத்தவரும் தத்தம் நம்பிக்கையோடு ஏறுகின்றனர். டிசம்பர் மாதப் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் வரையிலான பருவத்தில் வழிநெடுக மின்விளக்கும் தேநீர்க் கடையும் ஆள்நடமாட்டமும் இருக்கும். பருவம் முடிந்தபின் அதே படிகள் இருளிலும் காற்றிலும் மழையிலும் கிடக்கின்றன. பருவகால நினைப்பில் ஆடி, ஆவணியில் ஏறப்புறப்படுகிறவர் வேறொரு மலையை ஏறுகின்றார் என்றே கூறவேண்டும்.

இரண்டாவது வகை, அரசாங்கக் காவலுக்குட்பட்ட காடுகளில் குறிக்கப்பட்ட பாதைகள். 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட ஹோர்ட்டன் சமவெளிக்குள் நாட்டின் இரண்டாவது, மூன்றாவது உயரமான சிகரங்களாகிய கிரிகல்பொத்தவும் தொட்டுபொலவும் உள்ளன. தொட்டுபொலவுக்கு ஏறுவது ஓரிரு மணி நேர வேலை. கிரிகல்பொத்தவோ போக ஏறத்தாழ 7 கிலோமீற்றர், வர 7 கிலோமீற்றர். சேற்றையும் குட்டை மூங்கில் புதரையும் தாண்டிச் செல்லும் அவ்வழி ஒரு பகல் முழுவதையும் விழுங்கிவிடும். நாட்டின் அதியுயர்ந்த பீதுருதாலகாலை (2,524 மீற்றர்) உச்சியிலோ ஒலி, ஒளிபரப்புக் கோபுரங்களும் படையினரின் காவலும் இருப்பதால் நினைத்தபடி எவரும் அதன்மேல் நடந்து ஏற முடியாது.

மூன்றாவது வகை, தோட்டத்தில் தொடங்கிக் காட்டில் முடிகின்ற வழிகள். தலவாக்கலைக்கு மேலேயுள்ள கிரேட் வெஸ்டர்ன், பசறைப் பக்கத்து நமுனுகுல, மஸ்கெலியாப் பகுதியின் ஏழு கன்னியர் மலை ஆகியன இத்தகையன. தேயிலை முடியும் எல்லைவரை பாதை தெளிவாயிருக்கும். அதன்பின் ஒற்றையடிப்பாதை. ஒரு மழைக்காலம் கழிந்தால் அதுவும் மறைந்துவிடும். இந்த ஏழு கன்னியர் மலையில்தான், 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த டச்சு விமானம் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டனர்.

நான்காவது, பாதையே இல்லாத மலைகள். மாத்தளைக்கும் கண்டிக்கும் நடுவே பரந்துள்ள நக்கிள்ஸ் மலைத்தொடரின் பல சிகரங்கள் இவ்வாறானவை. மடித்த கைவிரல் மொழிகளைப் போன்ற தோற்றத்தால் ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. சிங்கள மக்கள் தும்பர மலைத்தொடர் என்பர். இதன் உயர்ந்த சிகரம் 1,900 மீற்றரைத் தாண்டுகின்றது. இக்காடு 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாத வனம், ஹோர்ட்டன் சமவெளி ஆகியவற்றோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

பாதை யார் போட்டது?

தோட்டங்களினூடாகச் செல்லும் பாதைகள் தாமாகத் தோன்றியவையல்ல. 1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது முதல், தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தனர். வழியில் கொலராவுக்கும் பசிக்கும் பலியானோரின் கணக்கு எவரிடமும் முழுமையாக இல்லை. அவ்வருகையின் இருநூறு ஆண்டு நினைவாக, 2023ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி ஒன்று நடைபெற்றதை வாசகர் அறிவர்.

நடந்து வந்த அம்மக்களே மலைகளிலும் பாதை வெட்டினர். கொழுந்து மலைக்கும், தொழிற்சாலைக்கும், விறகுக் காட்டிற்கும், மேட்டு லயத்திலிருந்து பணிய லயத்திற்கும், கோவிலுக்கும், பாடசாலைக்கும் இட்ட பாதைகள் அவை. அண்மைய ஆண்டுகளில் கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்தில் பெக்கோ ட்ரெயில் என்னும் நடைவழி அமைக்கப்பட்டுள்ளது. இதுவும் பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளை இணைத்து உருவானதே. அதனை ஒழுங்கு செய்தோரின் முயற்சியை மதிக்கிறோம். ஆனால், யாரோ ஒருவர் நகரத்திலிருந்து வந்து, "புதிய வழியொன்றைக் கண்டுபிடித்தோம்" என்று படத்தோடு விளம்பரம் செய்யும்போது, அவ்வழியாகத் தினமும் கொழுந்துக்கூடையோடு ஏறி இறங்கும் பெண்கள் என்ன நினைப்பார்கள்?

இங்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1992 முதல் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில் உள்ளன. தோட்டத்திற்கு மேலேயுள்ள காடு பெரும்பாலும் வனவளத் திணைக்களத்திற்கோ வனசீவராசிகள் திணைக்களத்திற்கோ உரியது. பாதையில் நடக்க அனுமதி கொடுப்பவரும் மறுப்பவரும் இவர்களே. பாதையை உண்டாக்கி, அதனைத் தம் நடையால் உயிரோடு வைத்திருப்போர் எந்தப் பேச்சுவார்த்தையிலும் இல்லை.

கோடு வேறு, பாதை வேறு

இன்று மலையேறுவோர் பலர் நம்புவது கைத்தொலைபேசியில் தெரியும் கோட்டை. முன்னர் எவரோ ஒருவர் நடந்து பதிந்த கோடு அது. அவர் பெப்ரவரி மாதத்து வெயிலில் நடந்திருப்பார். பின்வருபவர் ஒக்டோபர் மழையில் அதே கோட்டைப் பிடித்துச் செல்கிறார். இடையில் மண் சரிந்திருக்கலாம், ஓடை பெருகியிருக்கலாம், மானாப்புல் ஆளுயரம் வளர்ந்திருக்கலாம். கோட்டிற்கு இவை தெரியா. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் மலைநாட்டின் எத்தனையோ சரிவுகள் இடிந்து, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதற்கு முன் பதிந்த கோடுகளை நம்பி இப்போது ஏறுவது எத்தகைய துணிச்சல் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

பாதையில்லாத காட்டில் முதலில் ஏமாற்றுவது மரைகளின் தடம். மனிதர் நடந்த ஒற்றையடிப்பாதை போலவே தெளிவாகத் தெரியும். மரை தண்ணீருக்கும் புல்லுக்கும் போகிறதேயன்றி உச்சிக்குப் போவதில்லை. அதனைத் தொடர்ந்தவர் பள்ளத்தாக்கில் நிற்பார். அடுத்தது மூடுபனி. பத்து மணிக்குத் தெளிவாயிருந்த சிகரம் பதினொரு மணிக்குக் காணாமற் போகும். அதன்பின் ஏறிய பக்கமும் இறங்கும் பக்கமும் ஒன்றுபோலிருக்கும்.

காலத்தையும் பலர் தப்பாகவே கணக்கிடுகின்றனர். 1892இல் நெய்ஸ்மித் என்னும் ஸ்கொட்லாந்து மலையேறி ஒரு கணக்கைச் சொன்னார். 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதன்மேல் ஏறுகின்ற ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணித்தியாலம். இது நல்ல பாதையில், நல்ல காலநிலையில், நடந்து பழகியவருக்குரிய கணக்கு. பாதையில்லாத புதரில் இதனை இரட்டித்தாலும் போதாது. எமது நாட்டில் ஆண்டு முழுவதும் மாலை ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை இடியோடு வரும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகளும், டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை கிழக்குச் சரிவுகளும் மழைக்குரியவை. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் ஆறு பாகை வரை குளிர் கூடும். நனைந்த உடம்பில் காற்றும் பட்டால் இளைஞனும் விறைத்துப்போவான். ஆகவே, உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், நண்பகலுக்குள் அடையவில்லையென்றால் திரும்புவதே அறிவுடைமை.

இவையனைத்தையும் அடிவாரத்து மனிதர் ஏட்டில் படிக்காமலே அறிவர். எந்த மரத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறது, எந்த ஓடை எத்தனை நாழிகையில் பெருகும், எந்தப் பாறையில் பாசி, சிறுத்தை எப்பக்கம் திரிகிறது என்பன அவர்களுக்கு அன்றாட வாழ்வின் விடயங்கள். குளவிக் கொட்டுக்கு ஆண்டுதோறும் இலக்காகி உயிரையும் இழக்கும் மக்கள் அவர்கள்.

அரைப் பேருக்கு ஒரு தேடுதல்

எமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் சில காலத்திற்கு முன் நடந்ததைக் கூறுகிறோம். ஐந்து இளைஞர்கள் வானில் வந்திறங்கினர். லயத்து வாசலில் நின்ற முதியவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "தம்பிகளா, இன்னைக்கு மேல போகாதீங்க, இருட்டிக்கிட்டு வருது" என்றார். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். மாலை ஆகியும் திரும்பவில்லை. இரவு எட்டு மணிக்கு எவரோ தொலைபேசியில் அழுத சத்தம் மட்டும் கிடைத்தது. தோட்டத்தின் பன்னிரண்டு ஆண்கள் டோர்ச்சும் கம்பளியும் கயிறும் எடுத்துக்கொண்டு மழையில் ஏறினார்கள். விடியற்காலையில் ஐவரையும் கண்டுபிடித்தார்கள். ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்திருந்தது. அவனைக் கம்பளியில் கிடத்தி, தேயிலை வரிசைகளுக்கிடையே நான்கு மணித்தியாலம் சுமந்து வந்து, 1990 அம்புலன்ஸ் வந்து நின்ற வீதியில் சேர்த்தார்கள்.

இளைஞர்கள் கைகூப்பி நன்றி சொன்னார்கள். அது உண்மையான நன்றியே. ஆனால் தேடப் போன பன்னிரண்டு பேரும் அன்று பிரட்டுக்குப் பிந்திவிட்டார்கள். சிலருக்கு அரைப் பேர், சிலருக்குப் பேரே இல்லை. அந்த முதியவர் எம்மிடம் கூறியது இதுதான்: "சாமி, போன்ல கோடு இருக்காம். நாங்க சொன்னா கேப்பாங்களா? ஆனா தூக்கிட்டு வர நாங்கதான வேணும்?"

இதற்கு என்ன பதில்? அவர்களுடைய அறிவு ஏறும்போது வேண்டப்படுவதில்லை, விழுந்தபின்பே வேண்டப்படுகிறது. அதுவும் இலவசமாக.

தண்ணீர் மேலிருந்து வருகிறது

மலைக்கும் ஒரு தாங்குசக்தி உண்டு. வளைந்து செல்லும் பாதையை விட்டு நேராகக் குறுக்கே ஏறுவது ஒருவருக்கு ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தும். ஐம்பது பேர் அவ்வாறு ஏறினால் புல் அழிந்து, மண் தெரிந்து, அடுத்த மழையில் அது ஒரு கானாக மாறும். இரண்டு மழைக்காலத்தில் ஆளை மறைக்கும் பள்ளமாகும். காய்ந்த காலத்தில் பத்தனைப் புல்வெளியில் எறியப்படும் ஒரு சிகரெட் துண்டு ஒரு மலைச்சரிவையே எரித்துவிடும். உச்சிகளில் உள்ள குட்டைக் காடுகள் மூடுபனியிலிருந்தே நீரைப் பிடித்துத் தருபவை. அவை மிக மெதுவாகவே மீண்டு வளரும்.

அந்நீர்தான் லயத்துப் பீலியில் வந்து விழுகிறது. தோட்டங்களில் இன்றும் பல குடும்பங்களுக்குக் குடிநீர் மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே வருவது. ஊற்றுக்கு மேலே மலம் கழித்துவிட்டும், பொலித்தீனையும் போத்தலையும் போட்டுவிட்டும் இறங்குபவர், கீழேயுள்ள குழந்தையின் வயிற்றோட்டத்தைப் பார்ப்பதில்லை. ஹோர்ட்டன் சமவெளி வாயிலில் பொலித்தீனைச் சோதித்து அகற்றுகிறார்கள். தோட்டத்து மலைகளுக்கு அத்தகைய வாயில் எதுவும் இல்லை.

மறுத்துரைப்போருக்கு

"கட்டணம் வைத்தால் ஏழை மாணவர் எப்படி ஏறுவார்?" என்பர் சிலர். நியாயமான கேள்வி. படிகளும் குறிகளும் உள்ள மலைகளுக்கு வழிகாட்டி கட்டாயமில்லை என்பதே எம் கருத்து. பாதை மங்கும் மலைக்கு ஆறு பேர் சேர்ந்து ஒருவரை அமர்த்தினால், தலைக்கு விழும் தொகை அவர்கள் வழியில் உண்ணும் பகலுணவின் செலவளவே இருக்கும்.

"தடை செய்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே" என்பர் வேறு சிலர். தடை செய்த மலைகளுக்கும் களவாக ஏறுகிறார்கள். களவாக ஏறுபவர் எவரிடமும் சொல்லிவிட்டு ஏறமாட்டார். அவரைத் தேடுவது இன்னும் கடினம்.

மூன்றாவது அச்சம் எம்முடையது. பணம் புழங்கத் தொடங்கினால் வெளியிலிருந்து முகவர்கள் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வர். தோட்டத்துப் பையனுக்குப் பை தூக்கும் வேலை மட்டும் மிஞ்சும். பாடசாலைப் பிள்ளைகள் சில்லறைக்காக வகுப்பைவிட்டு வானின் பின்னால் ஓடுவர். லயத்து வாசலில் பல் துலக்கும் பெண்ணைப் படம் பிடிப்பதும் உல்லாசப் பிரயாணத்தின் ஓர் அங்கமாகிவிடும். இவை வெறும் கற்பனைகளல்ல. ஆகவேதான் மக்கள் முந்திக்கொண்டு தம்மை ஒழுங்கமைத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

செய்யக்கூடியவை

பெரிய நிதியோ வெளிநாட்டு நிபுணரோ தேவைப்படாத சில காரியங்களை முன்மொழிகிறோம்.

1. ஒவ்வொரு மலையடிவாரத்திலும், கடையிலோ சனசமூக நிலையத்திலோ, ஒரு பதிவுக் கொப்பி வைக்கப்படட்டும். ஏறுவோரின் பெயர், தொகை, செல்லும் வழி, திரும்பும் நேரம் எழுதப்பட வேண்டும். திரும்பியவர் கையொப்பமிட வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் கையொப்பம் இல்லையென்றால் தேடுதல் அப்போதே தொடங்கலாம், நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

2. வழி தெரிந்த ஆண்களும் பெண்களும் சேர்ந்து வழிகாட்டிகள் சங்கம் ஒன்றை அமைக்கட்டும். கூலி பகிரங்கமாக எழுதி ஒட்டப்பட வேண்டும். வேலை முறைவைத்துப் பகிரப்பட வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர் சேர்க்கப்படலாகாது. தேடுதலுக்குச் செல்வோருக்கும் அந்நாட் கூலி கிடைக்க ஏற்பாடு வேண்டும்.

3. முதலுதவி, சிங்களம், ஓரளவு ஆங்கிலம், பறவைகள் மரங்களின் பெயர்கள் ஆகியவற்றில் பயிற்சி அளிக்கப்படட்டும். வழியறிவு அவர்களிடம் ஏற்கெனவே உண்டு.

4. கிடைப்பதில் ஒரு பங்கு பொது நிதிக்குச் செல்லட்டும். பாதையின் கான் வெட்டவும், பீலியையும் ஊற்றையும் வேலியிட்டுக் காக்கவும் அது பயன்படட்டும்.

5. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் அப்பகுதி மலை மூடப்படட்டும். மூடும் அதிகாரத்தில் தோட்ட நிர்வாகத்தோடும் திணைக்களத்தோடும் மக்களின் சங்கத்திற்கும் இடம் வேண்டும்.

6. தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் ஆண்டில் ஒரு முறையாவது மாணவரைத் தம் தோட்டத்து மலைக்கு அழைத்துச் செல்லட்டும். மலையில் பிறந்தும் மலையுச்சியைக் காணாத பிள்ளைகள் எத்தனையோ பேர். மலை என்றால் கொழுந்து, கவ்வாத்து, அட்டைக்கடி என்பது மட்டுமே என்று அவர்கள் எண்ணி வளரலாகாது. தம் ஊரையும் ஆற்றையும் உச்சியிலிருந்து ஒருமுறை பார்த்த பிள்ளைக்கு அவற்றைக் காக்கும் எண்ணமும் உண்டாகும்.

தோட்ட நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் காணியினூடாகச் செல்லும் இப்பாதைகளைப் பற்றி முகவர்களோடு ஒப்பந்தம் பேசுமுன், பாதையில் வாழும் மக்களோடு பேசுங்கள். பிரதேச சபைகளும் பிரதேச செயலகங்களும் இதில் நடுநிலையாளராக நிற்க வேண்டும்.

மலையேற வரும் இளைஞர்களே, நீங்கள் வருவதில் எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஏறுவதற்கு முன் அடிவாரத்து வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். "ஐயா, இன்றைக்கு மேலே போகலாமா?" என்று கேளுங்கள். போகலாம் என்றால் அவர்களில் ஒருவரை உரிய கூலி பேசி அழைத்துச் செல்லுங்கள். வேண்டாம் என்றால், ஒரு தேநீர் அருந்திவிட்டு அடுத்த கிழமை வாருங்கள்.